கறுப்புக் கோடு நான் போட்டது

உன் கல்யாணச் செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு தபால் கார்டில் வந்தது. அப்பா பெயருக்கு எழுதியிருந்தாய். நாள், பத்ராவதியில் கோயில் இருக்கும் தெரு, எந்த ரயிலில் ஏறி எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசி வரியில் என்னைப் பற்றி, "அம்மாவையும் அழைத்து வாருங்கள்" என்று இருந்தது. அப்பா கார்டைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அந்த வரியை நான் படித்து முடித்தேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவையும் என்றுதானே யாரும் எழுதுவார்கள், அதில் ஒன்றுமில்லை என்று அவரிடம் சொன்னேன். பிறகு சமையலறைக்குப் போய், அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த இரண்டு வருஷத்தில் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் மழை, விலைவாசி, பள்ளிக்கூடம், உன் உடம்பு என்றுதான் எழுதினேனே தவிர எழுத வேண்டியதை எழுதவில்லை. நீ பதில் போடாததில் தவறு இல்லை. பதில் போடும்படி அவற்றில் ஒன்றும் இல்லை.

இதைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் பெயரைவிட என் புடவையின் நிறம்தான் நன்றாகத் தெரியும். அப்படி இருந்தும் இதைச் செய்வதற்குக் காரணம் ஒன்றுதான். உனக்கு அன்று நடந்தது ஆயிரம் பேர் பார்க்க நடந்தது. அதற்குக் காரணமானவள் ஒட்டிய கடித உறைக்குள் ஒப்புக்கொண்டால் அது ஒப்புக்கொண்டதாக ஆகாது. பெயர்களைப் போடவில்லை. உன்னுடையதும் இல்லை, அந்த நடிகருடையதும் இல்லை. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் அன்று திடலுக்கு வந்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

நீ எட்டு வயதிலிருந்து வரைந்தாய். அப்பா பெங்களூர்த் தொழிற்சாலையிலிருந்து சனிக்கிழமை வரும்போதெல்லாம் கழித்துப்போட்ட இயந்திர வரைபடத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வருவார். ஒரு பக்கம் பல்சக்கரமும் அளவுகளும் இருக்கும். மறுபக்கம் உன்னுடையது. முதலில் ஆடு, பிறகு பஸ், பிறகு மாதா கோயிலில் இருக்கும் சிறகு முளைத்த சம்மனசுகள். பதிமூன்று வயதில் கூடாரக் கொட்டகையில் அந்த நடிகரின் படம் பார்த்துவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு வேறு முகமே உன் பென்சிலில் வரவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. நூலகத்திலிருந்து ஓவியப் புத்தகங்களை எடுத்து வந்து உன் பக்கத்தில் வைப்பேன். மலை, கடல், கிழவர்களின் கைகள். நீ மரியாதைக்காகப் புரட்டிவிட்டு வைத்துவிடுவாய். ஒருநாள், அவர் மழையில் நனைந்தபடி நிற்பதாக ஒரு படம் வரைந்து, கீழே ஒரு வரி எழுதி, என்னிடம் கொண்டுவந்தாய். நான் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மழையை நீ எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் கூத்தாடி படத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் நோய் அது.

மன்றச் செயலாளராக இருந்த தையல்காரர் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பேசினார். கிருஷ்ணகிரியில் ரசிகர் மன்ற மாநாடு, நாலு தாலுகாவிலிருந்தும் ஜனம் வரும் என்றார். "தம்பி வரைஞ்சத நாங்க நாலு பேரு மட்டும் பாத்து என்னங்க டீச்சரம்மா? அங்க கொண்ணாந்து விரிச்சா கொத்திக்கிட்டுப் போவாங்க" என்றார். உனக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு மாதம். அவர் போன பிறகு, விற்றால் அது தப்பாம்மா என்று என்னிடம் கேட்டாய். தப்பில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு உன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இதுவரை நான் எவ்வளவு கருமியாக இருந்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் நாற்பது படம் வரைந்தாய். பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் உட்கார்ந்துவிடுவாய். நாற்பதும் நாற்பது விதம். அவர் சிரிப்பது, யோசிப்பது, தாயின் காலடியில் இருப்பது, குதிரை மேல் இருப்பது. மாநாட்டுக்கு முதல் நாள் சனிக்கிழமை, நீ வேலைக்குப் போயிருந்தபோது அவற்றைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். முதல் முறையாக முழுதாகப் பார்த்தேன். படங்கள் என்னை அசைத்துவிட்டன. ஆனால் தாள்களின் ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தது. சில இடத்தில் எண்ணெய்க் கறை, சில இடத்தில் கிழிசல். இவ்வளவு நல்ல படங்கள் இப்படிப் போகக்கூடாது என்று நினைத்தேன். நூலகப் புத்தகத்தில் பார்த்த பெரிய ஓவியங்களைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் அச்சடித்திருந்தது நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து, உன் கறுப்பு மையைத் தொட்டு, ஒவ்வொரு தாளுக்கும் நான்கு ஓரமும் விரலகலத்துக்குக் கோடு போட்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை. முடித்ததும் எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். படங்கள் புத்தகத்துக்குள் போய்விட்டாற்போல இருந்தன. இப்போது இவை என் மகன் வரைந்தவை என்று யாரிடமும் காட்டலாம் என்று தோன்றியது. அந்த எண்ணத்தையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயந்திரம் வந்து பார்த்தாய். ஒரு தாளை எடுத்து, கீழே வைத்து, இன்னொன்றை எடுத்தாய். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா கறுப்பா இருக்கே" என்றாய். நான் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினேன். உலகத்தில் பெரிய ஓவியர்களின் படத்துக்கெல்லாம் இப்படித்தான் என்று வகுப்பு எடுத்தேன். நீ புத்தகத்தைப் பார்த்தாய், என் விரல் நுனியில் இருந்த மையைப் பார்த்தாய். "சரிம்மா" என்றாய். சாவுக் கடிதத்துக்கு ஓரத்தில் மை தடவுவது எனக்குத் தெரியாதா? தெரியும். என் அப்பா இறந்தபோது நானே தடவியிருக்கிறேன். ஆனால் கடிதம் வேறு, கலை வேறு என்று எனக்குள் ஒரு படித்த திமிர் இருந்தது. அதோடு, அந்த நடிகர் வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்து சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பது ஊரில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. நான் சினிமாச் செய்தி படிப்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டவள். உனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றாய். மத்தியானம் சாப்பிடாமல் கோடு போட்ட அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல உனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை பூசைக்குப் போகாமல் உன்னோடு பஸ் ஏறினேன். அப்பா கோயிலுக்குப் போய்விட்டார். மாநாட்டுத் திடலில் மூங்கில் பந்தலும், இரண்டு ஆள் உயரத்துக்கு அந்த நடிகருடைய உருவமும், உத்தனப்பள்ளியிலிருந்தும் வேப்பனப்பள்ளியிலிருந்தும் லாரி பிடித்து வந்த கூட்டமுமாக இருந்தது. அவர் பிழைத்தெழ வேண்டுமென்று மொட்டை போட்டுக்கொண்டவர்களே நூறு பேர் இருந்தார்கள். புளியமரத்தடியில் என் பழைய புடவையை விரித்து, படங்களை வரிசையாக வைத்து, ஓரங்களில் கல் வைத்தாய். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு காலண்டர்க்காரர் வண்ணப்படங்களைக் கூவிக் கூவி விற்றுக்கொண்டிருந்தார். உன்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி தலைய குனிஞ்சிக்கினு உக்காந்திருக்க? வாயத் தொற" என்றார். நீ ஒருமுறை வாயைத் திறந்தாய். "படம்" என்று மட்டும் சொன்னாய். அதுவும் அவருக்கு மட்டும்தான் கேட்டது. நான் இருந்தால் உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நிழலுக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வாங்கியது வேப்பனப்பள்ளிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. மாந்தோப்பில் வேலை செய்கிறவள் என்று பிறகு தெரிந்தது. நான் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் உன் அருகே வந்தபோது அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த பொம்ம எழுதினது யாரு பாபு?" என்று படங்களைக் காட்டித் தெலுங்கு கலந்து கேட்டாள். நான்தான் என்று நீ சொன்னதும் அவள் நம்பவில்லை. தாயின் காலடியில் அவர் இருக்கும் படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, நாலணாவை உன் கையில் வைத்துவிட்டு, "அப்போ உன் பேரு எழுதிக் குடு. நாளைக்கி எவனாச்சும் கேட்டா நான் காட்டணுமில்ல" என்றாள். நீ பென்சிலைப் பிடித்துக்கொண்டு திகைத்தாய். நாற்பது படத்தில் ஒன்றிலும் உன் பெயர் இல்லை. எங்கே எழுதுவது என்று இடம் தேடி, நான் போட்ட கோட்டுக்கு உள்பக்கம், ஒரு மூலையில் சின்னதாக எழுதினாய். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்கு ஈடாக என் வாழ்க்கையில் வேறெதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். ஏழோ எட்டோ விற்றது. எல்லாவற்றிலும் பெயர் எழுதிக் கொடுத்தாய். காலண்டர்க்காரர், "பாத்தியா, இப்ப நீ எனக்கே போட்டி" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு மேடையில் பாட்டை நிறுத்தினார்கள். தலைவர் நலம் பெற வேண்டி எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக வேண்டிக்கொள்வோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் தலை குனிந்து நின்றது. அந்த நேரம் பார்த்து ராயக்கோட்டையிலிருந்து இரண்டு லாரி ஜனம் உள்ளே வந்தது. அவர்கள் கண்ணில் பட்டது என்ன? பேச்சுமூச்சில்லாமல் நிற்கும் கூட்டம். அதன் ஓரத்தில் கண் மூடி நிற்கும் ஒரு பெண் பிள்ளை. அவள் கையில், நான்கு ஓரமும் கறுப்புக் கட்டிய அவர் படம். லாரியிலிருந்து இறங்கிய ஒருத்தி அலறிக்கொண்டு தரையில் விழுந்தாள். போயிட்டாரா என்று யாரோ கேட்டார்கள். போயிட்டாராம் என்று அது அடுத்த வரிசைக்குப் போயிற்று. ஒரு நிமிஷத்தில் பாதித் திடல் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. மேடையில் இருந்தவர்களே முதலில் நம்பிவிட்டார்கள். அப்புறம்தான், அப்படி ஒன்றுமில்லை, காலையில்கூடச் சென்னையிலிருந்து நல்ல செய்தி வந்தது என்று கத்தினார்கள். அழுகை நின்றது. நின்ற அழுகை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். அது புளியமரத்தடிக்கு வந்தது.

தையல்காரர்தான் முன்னால் வந்தார். உன்னை வரச் சொன்னது அவர் என்பதால் அவருக்கும் பயம். எதுவும் தெரியாதவர் போலக் கேட்டார். "மஞ்ச தடவி வேண்டிக்கிற நாள்ள மை தடவிக் கொண்ணாந்திருக்கியே, யார்ரா வரைஞ்சது?" என்றார். நான்தான் என்றாய். "இந்தக் கறுப்பு யாரு போட்டது?" என்றார். நான் பத்தடி தூரத்தில், தண்ணீர்க் கூஜாவோடு நின்றிருந்தேன். நீ என் பக்கம் திரும்பினாய். திரும்பியது ஒரு கணம்தான். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாய், உன் பார்வை போகும் வழியில் யாரும் என்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது போல.

"அதுவும் நான்தான்" என்றாய்.

முதல் அடி அவர் கொடுத்தது. அதன் பிறகு யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை. படங்களைக் கிழித்தார்கள். ஒவ்வொன்றாக வேறு கிழித்தார்கள். வாங்கியவர்களிடமிருந்தும் பிடுங்கிக் கிழித்தார்கள். சட்டை கிழிந்து, உதடு வீங்கிய உன்னை மேடைக்கு இழுத்துப் போய், அந்தப் பெரிய உருவத்தின் காலடியில் விழச் சொன்னார்கள். விழுந்தாய். ஒலிபெருக்கியை உன் வாயருகே வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். காலையில் 'படம்' என்று கூவத் தெரியாமல் இருந்த உன் குரலை அன்று அந்தத் திடல் முழுவதும் கேட்டது.

நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டும். இரண்டு அடி பின்னால் வைத்து, ஒரு உயரமான பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அடிக்குப் பயந்தேன் என்று சொன்னால் யாரும் மன்னித்துவிடுவார்கள். அது உண்மையில்லை. ஒரு பெண்ணை அந்தக் கூட்டம் அடித்திருக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும். கூட்டத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு மூன்று பேரைப் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல், சினிமாக் கூட்டத்தில், படத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்ட டீச்சர் என்று திங்கட்கிழமை ஊர் பேசும் என்று பயந்தேன். என் மகன் உதை வாங்கிக்கொண்டிருந்தபோது என் மனதில் ஓடியது இதுதான்.

பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாய். சூளகிரி தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். அதன் பிறகு, "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றாய். உனக்காகச் சொல்கிறாய் என்று வைத்துக்கொண்டேன். எனக்காகச் சொன்னாய் என்று தெரிந்தும் அப்படி வைத்துக்கொண்டேன். ஆனால் செய்தி நமக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "ஒருத்தன் சாவணும்னு எழுதிக்கிட்டுப் போறதுக்கா நான் தாள் கொண்ணாந்து குடுத்தேன்?" என்று கேட்டு, ஏற்கனவே வீங்கியிருந்த கன்னத்தில் இரண்டு அடி வைத்தார். அப்போதும் நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் நீ ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஞாயிறு பூசை காணாத பாவத்தைச் சாமியாரிடம் சொன்னேன். அவர் மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. நாலு மாதத்தில் நீ பத்ராவதிக்கு வேலை தேடிக்கொண்டு போனாய். போகும்போது பென்சில்களையும் மையையும் என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாய். கோபமாக வைத்திருந்தால் தாங்கியிருப்பேன். துடைத்து, அடுக்கி வைத்திருந்தாய்.

கார்டு வந்த அன்றைக்கு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவன நான் அடிக்கும்போது நீ பக்கத்துலதான நின்ன" என்றார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் வீட்டுக் காரியம் தவிர எதுவும் பேசவில்லை. பேசாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அவரை ஒரு பொய்க்காக அடிக்க வைத்தவள் நான்.

மறுநாள் தையல்கடைக்குப் போனேன். ஜாக்கெட் துணி எதுவும் எடுத்துப் போகவில்லை. வெறுங்கையோடு போய் நின்று, கறுப்புக் கோடு போட்டது நான், என் மகன் இல்லை என்றேன். அவருக்கு என்னவென்று புரியவில்லை. எந்த ஊரில், எப்போது என்று கேட்டார். நான் முழுவதும் சொன்ன பிறகு, ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தார். "அந்தப் பையன் சமாச்சாரமா? அட, விடுங்க டீச்சரம்மா. தலைவர் நல்லபடியா எழுந்து வந்து ரெண்டு படமும் நடிச்சிட்டாரு. யாரு அதெல்லாம் மனசுல வச்சிருக்காங்க?" என்றார். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். திருத்திக் கொள்ள யாரிடம் போனேனோ, அவரிடம் திருத்த ஒன்றும் மிச்சமில்லை. உன்னை அடித்த கை அதை மறந்து எத்தனையோ சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துவிட்டது. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் நீயும் நானும் மட்டும்தான். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் அதை வைத்திருக்கிறோம்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். உன்னோடு வாழப் போகிறவள் அன்போடு ஒரு தவறு செய்துகொண்டு வந்து நின்றால், சரி என்று சொல்லிவிடாதே. அவள் சாப்பிடாமல் செய்திருந்தாலும் சரி, அது ஏன் ஆகாது என்று உட்கார வைத்துச் சொல். அவள் முகம் வாடும். வாடட்டும். நீ அன்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்து, பிறகு கத்தரிக்கோலை எடுத்து நாற்பது ஓரத்தையும் வெட்டியிருப்பேன். உன் மேல் பழியைத் திருப்புகிறேன் என்று நினைக்காதே. கோடும் என்னுடையது, மௌனமும் என்னுடையது. ஆனால் மற்றவர்கள் வாங்க வேண்டியதை நீ வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை எங்கே கற்றாய் என்று யோசிக்கிறேன். நான் பிழை திருத்திக் கொடுத்தபோதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவாயே, அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

மறுபடி வரை என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்க மாட்டேன். கல்யாணத்துக்கு நானும் வரலாமா என்பதை இதைப் படித்த பிறகு நீ தீர்மானித்து எழுது. வேண்டாம் என்று எழுதினால் அப்பாவை மட்டும் ரயில் ஏற்றிவிடுகிறேன். ஆனால் ஒன்று. நீ நன்றாக வரைவாயாமே, ஏன் விட்டுவிட்டாய் என்று உன் மனைவி என்றைக்காவது கேட்பாள். பெண்கள் கேட்காமல் விடமாட்டார்கள். அப்போது ஏதாவது சொல்லி மழுப்பாதே. அம்மா போட்ட கோடு, அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள் என்று சொல். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். உன்னைப் பெற்றவளை இனிமேல் நீ காப்பாற்ற வேண்டாம்.